மெனுவில் வராத பெயர்கள்

இத்தனை வருடத்தில் நான் எழுதிய புரோகிராம்களில் யாருமே குறை சொல்லாதது அம்சா அக்காவுக்கு எழுதிக் கொடுத்ததுதான். எழுத்து பெரிதாக இருக்கிறது, கிளிக் செய்தால் உடனே திறக்கிறது என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவில் பதினான்கு வருடமாக இருக்கிறேன் மேடம். அங்கே ஒருவர்கூட அப்படிச் சொன்னதில்லை.

நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்பதைவிட நானே முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். நேரமும் மிச்சம். என் பெயர் தீனதயாளன், வயது நாற்பத்து மூன்று. வீடு செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். மனைவி சங்கரி, தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். ஒரே மகள் ஸ்வாதி, பத்தாவது படிக்கிறாள்.

திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை டயாலிசிஸ் நிலையம் நடத்துகிறது. ஆறு இயந்திரங்கள், நாளுக்கு மூன்று ஷிப்ட். ஓர் ஆளுக்கு வாரத்தில் மூன்று நாள் என்று வைத்தால் முப்பத்தாறு பேருக்குத்தான் இடம். இலவசம் என்பதால் வெளியே எப்போதும் ஒரு வரிசை உண்டு. உள்ளே இருப்பவர்களில் யாராவது ஊர் மாறினால், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால், அல்லது இறந்துபோனால் ஒரு நாற்காலி காலியாகும். பதிவு எண் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இதைத் தவிர அங்கே வேறு விதி கிடையாது. பொறுப்பாளர் கோபாலகிருஷ்ணன் சார், கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தால் வாங்கி, படிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரைக்கும் அந்த வரிசை ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அடித்தல் திருத்தல் அதிகமாகி, ஒருமுறை ஆள் மாறிப்போய்ப் பெரிய சண்டை வந்த பிறகுதான் கோபாலகிருஷ்ணன் சார் என்னிடம் கேட்டார். நான் சும்மாவே எழுதிக் கொடுத்தேன். சங்கரிக்கு அப்போது உடம்பில் ஒன்றும் இல்லை. தயவு செய்து வாக்குமூலத்தில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் என்ன செய்தேன் என்பது புரிய வேண்டுமானால் அந்த மெனு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். கடினம் இல்லை. சாதாரண மெனுவில் இருப்பவை, புரோகிராம் எழுதும்போதே எழுதி வைத்தவை. திற, சேமி, அச்சிடு. அவை மாறாது. ஆனால் காத்திருக்கிறவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்க முடியுமா? நாளுக்கு நாள் மாறும். அதனால் ‘அழைக்க வேண்டியவர்கள்’ என்கிற மெனுவைக் காலியாகவே விட்டேன். முன்மேசையில் பெயர் கூப்பிடுகிற அம்சா அக்கா அதைக் கிளிக் செய்ததும், அது விரிவதற்கு முந்தைய நொடியில், நான் எழுதிய இருபது வரி ஓடும். பழைய பெயர்களைத் துடைக்கும். உள்ளே இருக்கிற பதிவுப் பட்டியலிடம் யார் யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்கும். வருகிற பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக மெனுவில் மாட்டும். பிறகுதான் மெனு அவர் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிற மெனு அது.

அந்தப் பழைய திரைக்கு எட்டுப் பெயர்தான் வசதியாக இருந்தது. அம்சா அக்காவும், “எட்டு போதும் தம்பி, அதுக்கு மேல போனா எனுக்குக் கண்ண கட்டிக்கும்” என்றார். எட்டோடு நிறுத்தினேன்.

இன்னொன்றும் அவர் கேட்டதுதான். சில பேர் தவறான தொலைபேசி எண் கொடுத்திருந்தார்கள். மெனுவில் பெயரைத் தட்டி எண்ணை அடித்தால் யாரோ எடுத்துத் திட்டுவார்கள். அதனால் பதிவுப் பட்டியலில் ‘எண் சரிபார்த்தது’ என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதில் டிக் இருந்தால்தான் பெயர் மெனுவுக்கு வரும். சனிக்கிழமைகளில் நான் போய், புதிதாகப் பதிந்தவர்களுக்கு போன் செய்து டிக் போடுவேன். அந்தக் கட்டம் என் திரையில் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். அப்போது அதில் வேறு எண்ணம் இல்லை.

போன வருடம் பிப்ரவரியில் சங்கரிக்கு முகம் வீங்கியது. மார்ச்சில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். என்னுடையதில் கல், ரத்த வகையும் சேரவில்லை. அவளுக்கு அப்பா அம்மா இல்லை. இறந்தவர்களிடமிருந்து எடுக்கும் பட்டியலில் பதிந்தோம், அது வருடக்கணக்கு. ஏப்ரலில் நம் நிலையத்திலும் பதிந்தேன். எண் அறுபத்தெட்டு. நானே தட்டச்சு செய்தேன். அவளுக்கு முன்னால் பதினொரு பேர் காத்திருந்தார்கள்.

இடம் கிடைக்கிறவரை சென்னையில் ஒரு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்து மணிக்கு எழுந்து மின்சார ரயில் பிடித்து, நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்து, வெயிலில் திரும்பி வர வேண்டும். போகும்போது நடந்து போவாள். வரும்போது துணியைப் பிழிந்து போட்ட மாதிரி வருவாள். எனக்கு எல்லா நாளும் விடுப்பு கிடைக்காது. ஆனால் அதே மருத்துவமனைக்கு, அதே நாட்களில், செங்கல்பட்டிலிருந்து இன்னும் மூன்று பேர் போனார்கள். மாமல்லபுரத்துப் பார்வதம், ஐம்பது வயது இருக்கும். ஈசிஆர் பேருந்தில் நின்றுகொண்டு போக முடியவில்லை என்று செங்கல்பட்டு வந்து ரயில் ஏறுவார். திருக்கழுக்குன்றத்தில் பூ விற்கும் கல்யாணி. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்ட பிரவின்குமார், அவனுக்கு இருபத்தாறு. நால்வரும் ஒரே பெட்டியில் ஏறுவார்கள். பிரவின்குமார் முன்னால் ஓடிப்போய் ஜன்னலோரம் துண்டு போட்டு வைப்பான். பார்வதம் உப்பில்லாமல் முட்டை அவித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் ஒரு டப்பாவில் கொண்டுவருவார். சங்கரிக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு துண்டு.

அந்த மூன்று பேரும் நம் நிலையத்தில் பதிந்திருந்தார்கள். மூன்று பேரும் சங்கரிக்கு முன்னால்.

ஜூலைக்குள் முறைப்படி வேறு மூன்று பேருக்கு இடம் கிடைத்தது. சங்கரி ஒன்பதாவது. மெனுவில் எட்டுப் பெயர். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் திறந்து பார்ப்பேன். அவள் பெயர் எட்டாவது பெயருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், அடுத்த வரியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஐம்பத்தேழாம் எண்காரருடைய போன் அந்தச் சமயத்தில் உண்மையிலேயே வேலை செய்யவில்லை. மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது, அவரே பதிவை ரத்து செய்தார். அந்த டிக்கை எடுத்தேன். மெனுவைத் திறந்தேன். எட்டாவதாக சங்கரி. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் அங்கே வந்து நின்றதைப் பார்த்தபோது திரையில் அதை விரலால் தொட்டேன். அந்த ஒரு நிமிடம் இல்லாமல் இருந்திருந்தால் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பிரவின்குமார் போன் செய்தான். நான் போனபோது செங்கல்பட்டு நிலையத்தில் மூன்றாவது நடைமேடை பெஞ்சில் சங்கரியைப் படுக்க வைத்திருந்தார்கள். ரயிலிலேயே மயங்கி, ஊசி குத்திய கை கம்பியில் இடித்து, கட்டு அவிழ்ந்திருக்கிறது. பார்வதம் தரையில் உட்கார்ந்து அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார். சேலை மடி முழுக்க ரத்தம். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதிலிருந்து அப்படியே பிடித்திருக்கிறார். அவருக்கும் அன்றைக்கு டயாலிசிஸ் முடிந்த உடம்பு.

“பயப்படாதீங்கண்ணா, நின்னுட்ச்சி” என்றார். “கொஞ்சம் தூக்கிப் புடிங்க, என் கை மரத்துப் போச்சி.”

சங்கரி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “இன்னும் எவ்வளவு நாளைக்குங்க இப்படி?” என்று கேட்டாள். அவள் அதற்கு முன்பு எதையும் கேட்டதே இல்லை.

அடுத்த நாளே நிலையத்துக்குப் போனேன். அம்சா அக்கா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உப்புமா கொஞ்சம் இருக்கிறது, வா என்று கூப்பிட்டார். வேண்டாம் என்றேன். சங்கரிக்கு முன்னால் இருந்த ஏழு பேருடைய டிக்கையும் எடுத்தேன். ஏழு கிளிக். சேமித்தேன். மெனுவைத் திறந்தேன். சங்கரி முதலில் இருந்தாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான் யாருடைய பதிவையும் அழிக்கவில்லை. யாருடைய எண்ணையும் மாற்றவில்லை. கோபாலகிருஷ்ணன் சாருக்கு மாதாமாதம் அச்சாகிப் போகும் பட்டியலில் அந்த ஏழு பேரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். யார் வந்து தணிக்கை செய்தாலும் பட்டியல் சரியாகவே இருந்திருக்கும். மெனு விரியும்போது மட்டும் அவர்கள் வரவில்லை.

பதினோராவது நாள் ஒரு நாற்காலி காலியானது. ஒருவர் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அதனால் யாரும் செத்து அந்த இடம் வரவில்லை. அம்சா அக்கா மெனுவைத் திறந்ததும் எனக்குத்தான் முதலில் போன் செய்தார்.

“தம்பி, நம்ம சங்கரி பேரு மொதல்ல வந்துகீது. நெஜந்தானா? நான் ரெண்டு வாட்டி மூடித் தொறந்து பாத்தேன்.”

“நிஜம்தான்கா” என்றேன்.

வீட்டில் சொன்னபோது சங்கரி கேட்ட முதல் கேள்வி, “பார்வதம் அக்காவுக்கு வந்துடுச்சா?” என்பது. அவங்க மூன்று பேருக்கும் வேறு இடத்தில் ஏற்பாடு ஆகிவிட்டதாக அம்சா அக்கா சொன்னார் என்றேன். அவள் சந்தோஷப்பட்டாள். பார்வதத்துக்கு போன் செய்யப் போனாள். அவர்கள் எண் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி, அன்று இரவே அவள் போனில் அந்த மூன்று எண்களையும் அழைப்பு வராதபடி செய்தேன். அதுவும் என் வேலைதான்.

நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. அவளுக்கு இடம் கிடைத்த பிறகு அந்த டிக்குகளைத் திரும்பப் போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டேன். செப்டம்பரிலிருந்து ஒவ்வொருவராக நான்கு பேருக்குப் போட்டேன். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்துக்காரர்கள், சங்கரியைப் பார்த்ததே இல்லை. நால்வருக்கும் இடம் கிடைத்தது, நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் போன தீபாவளிக்கு எனக்கு இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார்.

ரயிலில் வந்த மூன்று பேருக்குப் போட முடியவில்லை. அவர்களுக்கு சங்கரியைத் தெரியும். பதிந்த தேதி தெரியும். இத்தனை மாதம் கழித்துக் கூப்பிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தால், முதல் நாளே பேச்சு வந்துவிடும். யோசித்துப் பாருங்கள் மேடம், தெரியாதவர்கள் என்றால் திருத்திவிடலாம். தெரிந்தவர்களாகப் போய்விட்டார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை. அவர்கள் மீது எனக்கு மரியாதைதான்.

அந்த ஐந்து மாதத்தில் ஏழு நாற்காலி காலியானது. நான்கு அந்த நால்வருக்கு. மீதி மூன்று, எழுபதுக்கு மேல் எண் உள்ளவர்களுக்குப் போனது.

பார்வதத்தின் கணவர் செல்வராஜ் மாமல்லபுரத்தில் சிற்பக் கூடத்தில் வேலை செய்கிறவர். கல் தூசி ஒட்டிய தலையோடு திங்கள்தோறும் நிலையத்துக்கு வருவார். அம்சா அக்கா மெனுவைத் திறந்து காட்டி, “இன்னும் எட்டுக்குள்ளவே வர்ல அண்ணாத்த” என்பார். நான் செய்தது அம்சா அக்காவுக்குத் தெரியாது. அவரை இதில் சேர்க்காதீர்கள். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை செல்வராஜ் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சார், நீங்கதான கம்ப்யூட்டர் ஆளு? எங்க வூட்ல பதிஞ்சி ஏழு மாசம் ஆவுது. இன்னா சார் ஆச்சி?”

“வரிசைப்படி வரும்ணே.”

அவர் கையில் ஒட்டிய கல் தூசியைத் தட்டினார். “கேக்கக் கூடாதுதான். அவளால பஸ்சு ஏற முடில சார். கொஞ்சம் முன்னாடி தள்ளி வுட முடிமா?”

“அப்படிச் செய்தா உங்களுக்கு முன்னாடி இருக்கறவங்களுக்கு அநியாயம் இல்லையாண்ணே?” என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “தப்புதான் சார். மன்ச்சிக்கோங்க. வாய் தவறிக் கேட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சொன்னது நியாயமான பதில்தான். இப்போதும் அதில் ஒரு வார்த்தையை மாற்ற மாட்டேன்.

கல்யாணி அக்டோபர் கடைசியில் போனார். கழுத்தில் போட்டிருந்த குழாயில் சீழ் பிடித்து மூன்று நாள் காய்ச்சல். நவம்பரில் பெரிய மழை வந்து இரண்டு நாள் ரயில் ஓடவில்லை. பிரவின்குமாருக்கு ஒரு முறை தவறிவிட்டது. மூன்றாம் நாள் பேருந்தில் கிளம்பியவன், கூடுவாஞ்சேரி வருவதற்குள் ஜன்னலில் சாய்ந்த மாதிரியே இருந்திருக்கிறான். பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறான் என்று நினைத்தாராம். எனக்குச் செய்தி வந்த இரண்டு முறையும் நான் வீட்டில் சொல்லவில்லை. சங்கரிக்கு அந்த மாதங்களில் முகத்தில் ரத்தம் ஊறியிருந்தது. ஸ்வாதிக்கு மறுபடியும் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாம் என்று அவளே சொன்னாள். கோவளம் போனோம். மாமல்லபுரம்தான் பக்கம் என்றாள், கூட்டமாக இருக்கும் என்றேன்.

பார்வதம் டிசம்பர் கடைசி வாரம் இறந்தார். மூச்சு வாங்கியிருக்கிறது, ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போதாவது டிக்கைப் போட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். போட்டேன் மேடம். பிரவின்குமார் செய்தி வந்த பிறகு ஒரு சனிக்கிழமை பார்வதத்துக்குப் போட்டேன். அரை மணி நேரம் அந்தப் பெயர் மெனுவில் முதலாவதாக இருந்தது. பிறகு அவர் வந்து சங்கரியிடம் முதலில் எதைச் சொல்வார் என்று யோசித்தேன். எடுத்துவிட்டேன்.

இனி நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை காலை ஷிப்ட். சங்கரி கதவோரத்து நாற்காலியில் இருந்தாள், நான் வெளியே பெஞ்சில். பதினோரு மணிக்கு செல்வராஜ் வந்தார். தலை மொட்டையடித்து முடி கொஞ்சம் வளர்ந்திருந்தது. நேராக அம்சா அக்காவிடம் போனார்.

“எங்க வூட்டுப் பேர எட்த்துடுங்கக்கா. அவ போய் ஒரு மாசம் ஆவுது. பேரு சும்மா கெடந்தா பின்னாடி இருக்கறவங்க நிக்கணும்ல, அதான் வந்தேன்.”

அதற்காக மாமல்லபுரத்திலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கிறார். அம்சா அக்கா மெனுவைத் திறந்தார், இல்லை. மறுபடி திறந்தார். “நம்பர் சொல்லுண்ணா, பேரே காணலியே” என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து பதிவுச் சீட்டை எடுத்து, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார். கல் அறுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருந்து அவருக்குக் காது மந்தம், எதையும் உரக்கத்தான் சொல்வார். “பார்வதம். மாமல்லபுரம். அறுபத்தி ஒண்ணு.”

கதவு திறந்திருந்தது. சங்கரிக்கு அது கேட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது அவளுக்கு. அந்த இரண்டு மணி நேரமும் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டாள்.

“அக்கா எனக்கு முன்னாடியா?”

“ஆமா.”

“தெரிஞ்சேதானா?”

“தெரிஞ்சேதான்.”

“பிரவீனு? கல்யாணி அக்கா?”

நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் என்று சொல்லவில்லை, அவளுக்கே தெரியும். அவள் சமையலறைக்குப் போய், நாளுக்கு அரை லிட்டர் என்று அளந்து வைத்திருக்கும் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். திரும்பி வந்து, “இனிமே அந்த நாற்காலியில உக்கார மாட்டேன்” என்றாள். அம்சா அக்காவுக்கு போன் செய்து, என் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். காரணம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போகவில்லை. சென்னைக்காவது போகலாம் என்று காலில் விழுந்தேன். நிஜமாகவே விழுந்தேன். “முதல்ல நீங்க போய் எல்லாத்தையும் சொல்லுங்க. அப்புறம் என் முறை எப்ப வருதோ அப்ப போறேன்” என்றாள். ஸ்வாதியை விட்டுச் சொல்லச் சொன்னேன். அந்தப் பெண் அம்மாவிடம் என்ன கேட்டாள் என்று தெரியாது. திரும்பி வந்து, “அம்மா சொல்றது சரிப்பா” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

இன்று வியாழன். ஐந்து நாள் ஆகிவிட்டது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் மூச்சு விடுகிறாள். கால் இரண்டும் தூண் மாதிரி. டாக்டர் விஷாகாவிடம் பேசினேன். ஞாயிறு வரை தாங்குவது கஷ்டம் என்றார்.

அதனால்தான் வந்தேன். உங்கள் யாருக்கும் இது தெரியாது, செல்வராஜுக்கும் தெரியாது. யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாக வந்தேன். மூன்று பேருடைய சாவுக்கும் நான்தான் காரணம். கல்யாணி, பிரவின்குமார், பார்வதம். தெரிந்து செய்தேன், தினமும் செய்தேன், நிறுத்த முடிந்த நாளிலும் நிறுத்தவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு போன் செய்ய வேண்டும் மேடம். நான் பேசினால் எடுபடாது, நீங்கள் பேசினால் அம்சா அக்கா கேட்பார். சங்கரியின் இடத்துக்கு சம்பூர்ணம் என்கிற அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் நாள் என்பதால் இன்று மட்டும் நான்கு மணி ஷிப்ட். அச்சிறுப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். இந்நேரம் பேருந்தில் ஏறியிருப்பார். அவரும் எட்டு மாதமாகச் சென்னைக்குப் போய் வருகிறவர்தான், எனக்குத் தெரியும். ஆனால் அவர் எண் எண்பத்து மூன்று. சங்கரியின் பதிவை யாரும் ரத்து செய்யவில்லை. அவள் எண் இன்னும் அறுபத்தெட்டுதான்.

இங்கே வருவதற்கு முன்பு காலையில் நிலையத்துக்குப் போனேன். அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டேன். இனிமேல் மெனு யாரையும் மறைக்காது, பட்டியலில் இருக்கிற எல்லோரும் அவரவர் எண்படி வருவார்கள். திறந்து சரிபார்த்தும் விட்டேன். அவளுக்கு முன்னால் பதிந்தவர்களில் காத்திருப்பவர் என்று இப்போது யாருமே இல்லை. முறைப்படி பார்த்தாலும் இன்றைக்கு சங்கரிதான் முதல்.